இறங்குதுறையை வரைந்த பிள்ளை

மகளின் வகுப்பறைச் சுவரில் எரிமலைகள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் பிள்ளைகள் வரைந்தவை. சிவப்பு, செம்மஞ்சள், மறுபடி சிவப்பு. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் நெருப்பு கிளம்பி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவே ஒரு படத்தில் மட்டும் பலகையால் ஆன ஓர் இறங்குதுறையும், அதன்மேல் ஒரு கடற்பறவையும், பக்கத்தில் ஒரு கழிப்பறையும் இருந்தன. கழிப்பறைக் கதவில் இருந்த ஆண், பெண் உருவங்கள்கூடப் பிசகாமல் வரையப்பட்டிருந்தன. வரைந்தவருக்கு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருக்க நிறைய நேரம் கிடைத்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

அது என் மகளின் படம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஆக்லாந்துக்கு வந்து நான்கைந்து வருடங்கள் ஆகியிருந்தன. மகளுக்கு எட்டு வயது. பெற்றோரை வகுப்பறைக்கு வரச் சொல்லியிருந்த நாளில்தான் மேற்படி சுவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை ரங்கிடோட்டோ தீவுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அந்தத் தீவே ஓர் எரிமலை. உச்சியில் அதன் வாய் இருக்கிறது. பாதி ஏற்றத்தில் என் மகளுக்கு இழுப்பு வந்துவிட்டது. நீல மருந்துப் பம்பை இரண்டுமுறை இழுக்க வைத்து, வேறொரு பிள்ளையின் தாயாரோடு கீழே அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் எரிமலையின் வாயைப் பார்த்துவிட்டு வரும்வரை இவள் இறங்குதுறையில் உட்கார்ந்திருந்தாள்.

ஆசிரியை நல்ல பெண். மேலே எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து வரையலாமே என்று சொல்லிப் பார்த்தாராம். பார்க்காததை எப்படி வரைவது என்று என் மகள் கேட்டிருக்கிறாள். தவணை முடியுமுன் வேறு படம் வரைந்து கொடுத்தால் இதை எடுத்துவிட்டு அதை மாட்டுவதாக ஆசிரியை சொன்னார். நான் தலையாட்டினேன். மகள் தலையாட்டவில்லை. அவள் தன் படத்தையும் பார்க்கவில்லை. பக்கத்துப் படங்களின் நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரில் திரும்பும்போது பின்னிருக்கையிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வந்தது, ஆங்கிலத்தில். நான் அதைப் பார்க்கவேண்டும். கேள்வியாகவும் இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. மின்சாரக் கட்டணம் வந்திருக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது.

இந்த இடத்தில் என் தகுதிகளைச் சொல்லவேண்டும். நான் ஊரில் புவியியல் படிப்பித்தவன். வருடா வருடம் நிறச் சோக்குகளால் கரும்பலகையில் எரிமலைகளை வெடிக்கவைத்தவன். குழம்பு எந்த வழியாக ஏறுகிறது, எங்கே கக்குகிறது, சாம்பல் எந்தப் பக்கம் விழுகிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டியவன். மணி அடித்ததும் அழித்துவிடுவேன். உண்மையான எரிமலை ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை, அதை யாரும் கேட்டதுமில்லை. பிறகு விதி என்னை எரிமலைகளின்மேல் கட்டப்பட்ட ஒரு நகரத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது. ஆனால் ஊருக்குள் இருப்பவை புல் முளைத்து, மாடு மேய்ந்து, சுற்றியிருக்கும் வீடுகளின் விலையை ஏற்றிக்கொண்டு சும்மா கிடப்பவை. அவற்றை எரிமலை என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. ரங்கிடோட்டோ அப்படி அல்ல. நகர மையத்தில் நான் வேலை செய்த காப்புறுதி அலுவலகத்தின் தேநீர் அறை ஜன்னலில் அது தினமும் தெரியும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே வடிவம். கரும்பலகையில் நான் வரைந்த அதே வடிவம். அதைப் பார்த்துக்கொண்டே நான்கு வருடங்களாகப் பிஸ்கட் தின்றிருக்கிறேன்.

டொக்டர், மெதுவாக நடந்தால் போகலாம், பம்ப் கையில் இருக்கட்டும், ஓட மட்டும் வேண்டாம் என்றார். மகள் இதை ஒரு தீர்ப்பைப்போலக் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன்காரனிடம், அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, யாரும் ஓடக்கூடாது என்று அறிவித்தாள். அவன் தான் வரவே போவதில்லை என்றான். அவனும் வந்தான்.

போவதற்கு முதல்நாள் மனைவியிடம் சாண்ட்விச் போதும் என்று சொன்னேன். இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாணுக்குள்ள இலையை வைச்சுத் திண்டிட்டோ மலை ஏறப்போறியள்?"

விவாதம் அத்துடன் முடிந்தது. விடியற்காலையில் வீடு முழுக்க இடியப்ப ஆவி. ஓர் ஐஸ்கிரீம் பெட்டியில் இடியப்பம். இன்னோர் ஐஸ்கிரீம் பெட்டியில் சம்பல். எங்கள் வீட்டில் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் ஐஸ்கிரீம் இருப்பது கடையிலிருந்து வந்த முதல்நாள் மட்டும்தான். சொதிக்கும் தண்ணீருக்கும் இரண்டு நீல பிளாஸ்க்குகள் இருந்தன. மலிவு விற்பனையில் சோடியாக வாங்கியவை. உயரத்திலும் பருமனிலும் இரட்டைப் பிள்ளைகள். எதில் எது என்று மனைவிக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் போதும் என்பது எங்கள் வீட்டு நடைமுறை.

சான்ட்ரிங்ஹாமில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் இருந்தார். ஆஸ்பத்திரியில் தாதி. வார இறுதிகளில் காடு மேடெல்லாம் நடப்பவர். தன் பெரிய முதுகுப்பையை இரவல் தந்தபோது வேலிக்கு மேலால் அவர் ஒரே ஒரு புத்திமதிதான் சொன்னார்.

"அண்ணே, தண்ணிய மட்டும் மறந்துடாதீங்க. அங்க குழாயும் இல்ல, ஒரு டேரிகூட கிடையாது."

டேரி என்பது இங்கே மூலைக்கடை. அது இல்லாத இடத்தை இந்த ஊர்க்காரர்கள் பாலைவனம் என்றே கருதுவார்கள். நான் சிரித்தபடி பையை வாங்கிக்கொண்டேன். மறப்பதாவது.

மறக்கவில்லை. அதை இன்றுவரை சொல்லி வருகிறேன். படகுத்துறைக்குக் கிட்டக் காரை நிறுத்திவிட்டுப் பையைத் தோளில் மாட்டியபோது அது என்னைப் பின்னால் சாய்த்தது. உள்ளே பார்த்தேன். இரண்டு பிளாஸ்க்குகள். பிள்ளைகளின் தோளில் வேறு ஆளுக்கொரு பள்ளிக்கூடத் தண்ணீர்ப் போத்தல். இத்தனை தண்ணீர் எதற்கு என்று தோன்றியது. மனைவி மகளின் தொப்பிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். சுமப்பவன் நான், ஆகவே தீர்மானிப்பவனும் நானே என்று என் வாழ்வில் அபூர்வமாக வரும் ஒரு துணிவு வந்தது. பிளாஸ்க்குகளில் ஒன்றை எடுத்துக் காரின் பின்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

படகில் மனைவி ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி நடுவில் உட்கார்ந்தாள். இதற்குமுன் அவள் பிள்ளைகளோடு படகில் ஏறியது ஊரைவிட்டு வெளியேறிய இரவில், வெளிச்சமில்லாமல், சத்தம் போடாமல், ஒரு கடல்நீரேரியைக் கடப்பதற்காக. இந்தப் படகில் மனிதர்கள் சொக்கலேட் சாப்பிட்டார்கள், புகைப்படம் எடுத்தார்கள். அவள் பழத்தை ஒவ்வொரு தடவை முகரும்போதும் கரையைத் திரும்பிப் பார்த்தாள். மகள் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தீவு பெரிதாகிக்கொண்டே வந்தது.

இறங்கியதும் அந்தக் கழிப்பறை. படத்தில் இருந்தது போலவே. மகள் அதைத் திரும்பியும் பாராமல் கடந்து போனாள். பழைய பகையாளி வீட்டைக் கடப்பதுபோல.

அறிவிப்புப் பலகையை மகன் வாசித்தான். குடிதண்ணீர் இல்லை. கடைசிப் படகைத் தவறவிட்டால் தீவில் தங்க இடம் இல்லை. மனைவிக்கு நான் மொழிபெயர்த்தேன். இரண்டாவதைக் கொஞ்சம் மென்மையாக்கித்தான்.

பாதை கறுப்பு. கரியைக் கொட்டி உடைத்துப் பரப்பியது மாதிரி, கண்ணுக்கெட்டும் தூரமெல்லாம் கல். மண் என்று சொல்ல ஒரு பிடி கிடையாது. அந்தக் கல்லுக்குள்ளிருந்தே மரங்கள் எப்படியோ முளைத்து நின்றன. வெயில் மேலே இருந்தும் வந்தது, கீழே இருந்தும் வந்தது. நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். குழம்பு ஓடி உறைந்த விதம், உள்ளே இருந்த காற்று வெளியேறிய துவாரங்கள், இத்தியாதி. கொஞ்சத் தூரம் போனதும் மகன், நான் சொல்வதெல்லாம் கீழே பலகையில் எழுதியிருந்தது என்றும், அங்கே இன்னும் தெளிவாக இருந்தது என்றும் ஆங்கிலத்தில் தெரிவித்தான்.

மகள் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். முன்னால் ஒரு மரத்தையோ கல்லையோ பார்த்து வைப்பாள். அதுவரை நடப்பாள். மூச்சு வாங்குகிறதோ இல்லையோ நிற்பாள். பிறகு அடுத்த மரம். போனதடவை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து ஓடியதில் வந்த வினை என்பதை யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். கை கொடுத்தால் பிடிக்கமாட்டாள். அவள் நிற்கும் இடங்களில் எல்லாம் நானும் பெருந்தன்மையோடு நின்றேன். உண்மையில் எங்கள் நால்வரில் அதிகம் மூச்சு வாங்கியது எனக்குத்தான். பிள்ளைக்கு ஒத்தாசையாக நிற்கும் தகப்பனின் முகத்தை வைத்துக்கொண்டு அதை மறைத்தேன்.

பாதி தூரத்துக்கு முன்பே பிள்ளைகளின் போத்தல்கள் காலி. பரவாயில்லை, பிளாஸ்க் இருக்கிறது என்றேன். கொஞ்சம் நிழலும் ஒரு மர வாங்கும் இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். மனைவி பிளாஸ்க்கைத் திறந்தாள்.

ஆவி வந்தது. கூடவே கறிவேப்பிலை வாசமும்.

அந்த எரிமலை அடங்கிப் பல நூறு வருடங்கள் ஆகின்றன என்று பலகையில் இருந்தது. அன்றைக்கு அதில் ஆவி கிளம்பிய ஒரே இடம் எங்கள் பிளாஸ்க்தான்.

மனைவி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பையைக் கிளறினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மற்றது எங்க?"

"காரில."

"கார் எங்க நிக்குது?"

அவளுக்குத் தெரியாதது அல்ல. என் வாயால் வரவேண்டும், அவ்வளவுதான்.

"ஆக்லாந்தில," என்றேன்.

அவள் சம்பல் பெட்டியைத் திறக்காமல் மறுபடி பைக்குள் வைத்தாள். அந்தச் செய்கையில் எல்லாம் இருந்தது.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். அறுபது வயதிருக்கும். அரைக்காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, கையில் ஒரு தடி, இடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல்கள். எங்கள் பிளாஸ்க்கிலிருந்து ஆவி போவதையும் பிள்ளைகளின் காலிப் போத்தல்களையும் பார்த்தார். தண்ணீர் போதுமா, கொஞ்சம் தரட்டுமா என்று கேட்டார்.

நானும் மனைவியும் ஒரே குரலில், இல்லை, இல்லை, வேண்டாம், எங்களிடம் இருக்கிறது, மிகவும் நன்றி என்றோம்.

மிகவும் நல்லது என்று சொல்லிவிட்டு அவர் நடந்து போய்விட்டார்.

இதை எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒருவர் வீட்டுக்குப் போகிறோம். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்கிறார்கள். வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள் என்கிறோம். அது பதில் அல்ல. அது வணக்கம் சொல்வது மாதிரி ஒன்று. வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்காமல் கேத்தலை அடுப்பில் வைக்கவேண்டும். இரண்டாம் தடவை கேட்கும்போது நம் மறுப்பில் கொஞ்சம் சுருதி இறங்கும். மூன்றாம் தடவையில், சரி, கொஞ்சமாய் என்போம். பிறகு வயிறு முட்டக் குடிப்போம். முதல் கேள்விக்கே ஓம் என்று சொல்பவரைப் பற்றி, அவர் படலையைத் தாண்டியதும், சாப்பாடு காணாதவர் என்று பேசுவார்கள். இந்தக் கலையில் என் மனைவி நிபுணி. அவளுடைய மூன்றாவது மறுப்பையும் உண்மை என்று நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

அந்த மனிதரோ இந்த ஊர்க்காரர். ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்றோம். வேண்டாமாக்கும் என்று நினைத்தார். அவருடைய காலுறைகள் ஏற்றத்தில் மறையும்வரை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் திரும்பி வந்து இரண்டாம் தடவை கேட்பார் என்பதுபோல.

மகன் எழுந்து நின்றான். ஏன் வேண்டாம் என்றீர்கள், எங்களிடம்தான் தண்ணீர் இல்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டான். நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளுக்கு நான் வழக்கமாகச் செய்வதுபோல் தொலைவில் உள்ள மரங்களைப் பார்த்தேன். மனைவிதான் பதில் சொன்னாள்.

"அவர் இன்னொருக்காக் கேப்பார் எண்டு நினைச்சன்."

இடியப்பத்தைச் சொதியோடு சாப்பிட்டோம். மிச்சச் சொதியை மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடித்தோம். டின் தேங்காய்ப்பால், மஞ்சள், வெங்காயம், உப்பு. பிள்ளைகளுக்காக மிளகாய் குறைத்தது. வீட்டில் சொதி என்றாலே முகத்தைச் சுளிக்கும் மகள் கறிவேப்பிலையைப் பல்லால் தடுத்துக்கொண்டு ஒரு மூடி முழுக்கக் குடித்தாள். போனவர்கள் வந்தவர்கள் எல்லாம் அந்த மஞ்சள் திரவத்தை மரியாதையோடு பார்த்தார்கள். ஓர் இளைஞன் அது மலையேறுபவர்களுக்கான விசேஷ பானமா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். ஆனால் சூடான உப்புத் தண்ணீரால் தாகம் தணியாது என்பதற்குப் புவியியல் தேவையில்லை.

மறுபடி நடந்தோம். மரத்துக்கு மரம் என்றிருந்தது, கல்லுக்குக் கல் ஆனது. மகளுக்கு இருமல் தொடங்கியது. தொண்டை காய்ந்தால் இருமல், இருமல் தொடர்ந்தால் இழுப்பு. அந்த வரிசை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பம்பை எடுத்துக் கொடுத்தேன். இழுத்துவிட்டுப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள். முன்னால் பாதை திரும்பி நிமிர்ந்து போயிற்று. அதற்கு மேல் மரப்படிகள். உச்சி எங்கோ மிகக் கிட்டத்தில் இருந்தது, ஆனால் தெரியவில்லை.

மனைவி மணியைப் பார்த்தாள். கடைசிப் படகு அவள் மனதில் எப்போதோ புறப்பட்டுவிட்டது.

"இஞ்சேருங்கோ, காணும். திரும்புவம். இன்னொரு நாளைக்கு வருவம்."

இன்னொரு நாள் என்பது எங்கள் வீட்டில் எதற்குப் பயன்படும் சொல் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மகள் தலையை ஆட்டி மறுத்தாள். நான் குனிந்து முதுகைக் காட்டினேன். உப்புமூட்டை தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். என் முழங்கால்கள் இதைத் தங்களிடம் கேட்காமல் அறிவித்துவிட்டதாக எதிர்ப்புத் தெரிவித்தன. மகள் அதற்கும் மறுத்தாள். மூச்சுக்கு இடையில் ஆங்கிலத்தில் சொன்னாள், தூக்கிக்கொண்டு போனால் போனது நீங்கள், நான் அல்ல என்று.

இத்தனை வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு எரிமலை காட்டியவன், என் பிள்ளைக்கு முன்னால் காலிப் பையோடு நின்றேன். பை காலியாகவும் இல்லை. இடியப்பமும் சம்பலும் மிச்சம் இருந்தன.

மேலே தடி ஊன்றும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் உச்சியைப் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. மனதுக்குள் வாக்கியம் கட்டத் தொடங்கினேன். முன்னர் தாங்கள் அன்போடு தர முன்வந்ததை நாங்கள் ஏற்காததற்கு வருந்துகிறோம், எனினும் தற்போதைய சூழ்நிலையில் என்று அது வளர்ந்துகொண்டே போனது. காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்பவனின் ஆங்கிலம். இரண்டாவது உப வாக்கியத்தைக் கட்டி முடிக்குமுன் அவர் எங்களைத் தாண்டிப் போய்விடுவார் போலிருந்தது.

மனைவி எழுந்தாள். சேலை கட்டாத நாட்களில் அணியும் நீளச் சட்டையின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பாதையின் நடுவே போய் நின்றாள். கடைக்காரரிடம்கூட மீதிச் சில்லறையை வாய்விட்டுக் கேட்காதவள் அவள். அந்த மனிதர் நிற்க வேண்டியதாயிற்று.

"வாட்டர், ப்ளீஸ்," என்றாள். பிறகு மகளைக் காட்டினாள்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போத்தலைக் கழற்றிக் கொடுத்தார். மகள் குடித்தாள். நிறுத்தி மூச்சு விட்டாள். மறுபடி குடித்தாள். மகனும் குடித்தான். எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் இன்னொன்று இருக்கிறது என்றார் அவர். என் வாய் தன்பாட்டில் திறந்தது. இல்லை, இல்லை என்று தொடங்குவதற்காகத்தான். மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் வாங்கிவிட்டுச் சும்மா அனுப்புவது எப்படி? அவள் கடதாசித் தட்டில் இடியப்பம் வைத்தாள்.

"சாப்பிடச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர், நன்றி, வேண்டாம், மேலே சாண்ட்விச் சாப்பிட்டேன் என்றார். மனைவி சம்பலை அள்ளி வைத்தாள். உண்மையாகவே வேண்டாம் என்றார். அவள் இன்னும் ஓர் இடியப்பம் வைத்தாள். அந்த மனிதரின் வேண்டாம் நிஜமான வேண்டாம் என்று எனக்கு இப்போது தெரிந்திருந்தது. ஆனாலும் அதை மொழிபெயர்க்க அது தருணம் அல்ல என்று விட்டுவிட்டேன். அவர் தடியை மரத்தில் சாய்த்துவிட்டு, கல்லில் உட்கார்ந்து, மனைவி கையால் காட்டியதுபோல விரலால் பிசைந்து சாப்பிட்டார். சம்பல் மட்டும் பிள்ளைகளுக்காகச் செய்தது அல்ல. சற்று நேரத்தில் அவருடைய முகம் நிறம் மாறியது. கொடுத்த தண்ணீரில் கொஞ்சம் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டார். முதல் தடவையிலேயே கொடுத்தோம்.

போகும்போது அவர், படிகள் முடியும் இடத்தில் வாய் இருக்கிறது, மெதுவாகப் போனாலும் கடைசிப் படகைப் பிடிக்கலாம், ஆனால் மேலே குடியிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் எழுந்தாள். படிகளை அவள் கும்பல் கும்பலாகப் பிரித்துக்கொண்டாள். கொஞ்சப் படிகள், ஒரு நிற்பு. ஒரு வாய் தண்ணீர். மறுபடி கொஞ்சப் படிகள். கைப்பிடிக் கம்பி பக்கத்தில் இருந்தும் பிடிக்கவில்லை. மகன் முன்னே போய் நின்று எதுவும் பேசாமல் காத்திருந்தான். வழக்கமாக அவளைச் சீண்டுவதையே தொழிலாக வைத்திருப்பவன். நானும் மனைவியும் பின்னால், அவள் சாய்ந்தால் தாங்கலாம் என்ற தூரத்தில். அவள் சாயவில்லை. கடைசிப் படியை ஏறி, பலகைத் தளத்தின் விளிம்புக்குப் போய், கம்பிகளுக்கு இடையால் எட்டிப் பார்த்தாள்.

நானும் பார்த்தேன். என் வாழ்வில் முதல் எரிமலையின் வாய்.

பச்சைக் கிண்ணம். அடியிலிருந்து விளிம்புவரை மரங்கள். ஒரு குருவி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அவசரமில்லாமல் பறந்து போனது. அவ்வளவுதான். புகை இல்லை, சிவப்பு இல்லை. தளத்தில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டியபடி கடலையும் நகரத்தையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பயம் வந்தது. இதற்காகவா இந்தப் பிள்ளை இத்தனை பாடு பட்டது? பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய நெருப்பு முழுவதும் நினைவுக்கு வந்தது. ஆறுதலாக ஏதாவது புவியியல் சொல்லலாமா என்று தேடினேன்.

மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சுற்றிவர ஆட்கள் நின்றதால் தமிழில் பேசினாள். பொது இடத்தில் இரகசியம் பேசத்தான் என் பிள்ளைகள் தமிழை வைத்திருந்தார்கள்.

"அப்பா, இங்க நெருப்பு இல்லை."

"ஓம் பிள்ளை."

"எல்லாரும் வந்து பார்த்தவை. பிறகேன் நெருப்புக் கீறினவை?"

கரும்பலகை நிறைய நான் கீறிய எரிமலைகளில் ஒன்றில்கூட ஒரு மரம் இருந்ததில்லை. தெரியாது பிள்ளை என்றேன்.

அவள் ஏமாந்ததாகத் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து, முகத்தைக் கம்பிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல மறுபக்கம் வரை பார்த்தாள். பிறகு திரும்பவும் முதலில் இருந்து. கழிப்பறைக் கதவை அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. மனைவி படகு, படகு என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள்.

"இன்னும் பார்த்து முடியேல்லை," என்றாள் மகள், திரும்பாமலே.

மனைவி மணிக்கூட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு தானும் பக்கத்தில் குந்தி அந்தக் கிண்ணத்துக்குள் பார்க்கத் தொடங்கினாள். மகள் முடித்துவிட்டேன் என்று சொல்லி எழும்வரை நாங்கள் யாரும் நகரவில்லை.

இறக்கம் இலகுவாக இருந்தது. இருந்தாலும் படகுக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்த நேரத்தில்தான் கடைசி ஆட்களாக ஏறினோம். காலுறை மனிதர் உள்ளே இருந்தபடி கை அசைத்தார். அவருடைய முகம் பழைய நிறத்துக்குத் திரும்பியிருந்தது. காரின் பின்பெட்டியைத் திறந்தபோது நீல பிளாஸ்க் நான் வைத்த இடத்தில் அமைதியாகக் கிடந்தது. நான்கு பேரும் காருக்குப் பக்கத்தில் நின்று மாறி மாறிக் குடித்தோம். மனைவி எனக்குக் கடைசியாகத் தந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் மகளை அழைத்துவரப் போனபோது ஆசிரியை என்னைச் சுவருக்குக் கூட்டிப் போனார். இறங்குதுறை இருந்த இடத்தில் புதிய படம். பச்சை. பக்கத்துப் பிள்ளைகளின் பச்சைக் கிரயோன்களையும் தீர்த்துவிட்டாளாம். சுற்றிவர எல்லா மலைகளும் வெடித்துக்கொண்டிருக்க, நடுவே ஒன்று மட்டும் மரங்களை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது. குறுக்கே ஒரு குருவி.

மிக அழகான படம் என்றார் ஆசிரியை. ஒரே ஒரு யோசனை மட்டும் சொன்னாராம். நடுவில் கொஞ்சம் சிவப்புச் சேர்த்தால் எரிமலை என்று எல்லோருக்கும் விளங்குமே என்று.

"அவள் என்ன சொன்னாள்?" என்று கேட்டேன்.

வேண்டாம், நன்றி என்று சொன்னாளாம். ஆசிரியை இந்த ஊர்க்காரர். இரண்டாம் தடவை கேட்கவில்லை.